எண்பத்து நான்கு கிலோ

பேச்சிப்பாறையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினால் சத்தியநேசனின் கால்கள் அவனைக் கேட்காமலே சுடலையாண்டியின் சாயாக்கடைக்குப் போய்விடும். பதினோரு வருடமாக இதே தடம், இதே பத்து நாற்பது, இதே பதினைந்து நிமிட ஓய்வு. அவன் பெஞ்சில் உட்காரும்போதே சுடலையாண்டி செய்தித்தாள் துண்டில் இரண்டு ஏத்தம்பழ பஜ்ஜியை வைத்து நீட்டிவிடுவார். டிரைவருக்கு எதுவும் கேட்டுக் கொடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. நேந்திர வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறி, மாவில் முக்கி, தேங்காய் எண்ணெயில் போட்டெடுத்தது. ஓரத்தில் மாவு சிலிர்த்துக்கொண்டு மொறுமொறுவென்று நிற்கும். உள்ளே பழம் தேனாக இளகிக் கிடக்கும். அன்று காலையில் பல் தேய்க்கும்போது இன்றைக்குத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தான். தக்கலை தாண்டும்போதும் அந்த முடிவு இருந்தது. குலசேகரத்தில் ஆட்களை இறக்கும்போதும் இருந்தது. மூன்றாவது பஜ்ஜியைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த முடிவு ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் வந்த பிறகும் அதைத் தின்றான். பிற்பாடு யாரிடமும் சொல்ல முடியாமல் அவனை உறுத்தியது அந்த மூன்றாவதுதான்.

சும்மா அழகுக்காக மெலிய வேண்டிய ஆள் இல்லை அவன். மனைவி கிரேசிக்குக் கல்லீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. காரணம் குடியும் இல்லை, தொற்றுக் காமாலையும் இல்லை. உடம்பே தன் ஈரலைத் தின்கிற நோய் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார். மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி யாராவது தன் ஈரலில் பாதியைக் கொடுத்தால்தான் உண்டு. அவள் அண்ணனுக்கு ரத்த வகை சேரவில்லை, தங்கைக்குச் சர்க்கரை. சத்தியநேசனுக்கு எல்லாம் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், அவன் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொன்னார். அப்படியே எடுத்தால் கொடுக்கிறவனுக்கும் ஆபத்து, வாங்குகிறவளுக்கும் பிரயோஜனமில்லை. தொண்ணூற்று நான்கு கிலோவை எண்பத்து நான்காக்கிக்கொண்டு வாருங்கள், மூன்று மாதத்துக்குமேல் உங்கள் மனைவியால் காத்திருக்க முடியாது என்றார். வெட்டுக்கு உடனே கழுத்தை நீட்டுகிறவன் மாதிரி, "இப்பமே எடுத்துக்கிடுங்க" என்று சொல்வதற்காகத்தான் சத்தியநேசன் போயிருந்தான். பத்துக் கிலோவை என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் மாதம் முழுக்கத் தோல்விதான். வெளியே பஜ்ஜி என்றால் வீட்டில் கிரேசி. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நிற்க முடியாதவள், அடுப்பங்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய் அரைத்து அயலை மீன் கறி வைப்பாள். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மசித்துத் தாளித்து வைப்பாள். அவளுக்கு உப்பே ஆகாது. தன் முன்னால் ஒரு சப்பென்ற கஞ்சியை வைத்துக்கொண்டு, அவன் சாப்பிடுவதை முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். இண்ணைக்கு ஒருநாள் மட்டும் என்பாள். மஞ்சள் படிந்த அந்தக் கண்களில் அப்படியொரு நிறைவு வரும். மூச்சு வாங்கிக்கொண்டு சமைத்தவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவன் சாப்பிட்டான். முப்பது நாள் கழித்து ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறியபோது முள் தொண்ணூற்று மூன்றில் நின்றது. டாக்டர் அதைச் சீட்டில் எழுதினார். அந்தப் பேனாச் சத்தம் அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

அன்றைக்குத் திரும்பும்போதுதான் அது நடந்தது. திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டியில் ஏற வேண்டும். மூன்றே படி. கிரேசி முதல் படியில் கால் வைத்தாள், கம்பியைப் பிடித்தாள், அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். வண்டிக்குள்ளிருந்து டிரைவர் திரும்பிப் பார்த்து ஹாரனை ஒருமுறை அமுக்கினார். சத்தியநேசன் பதினோரு வருடமாகக் கிழவிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அடித்துக்கொண்டிருக்கிற அதே ஹாரன். அவன் அவள் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினான். வயிற்றில் நீர் கோத்திருந்தும் அவள் தக்கைபோல் இருந்தாள். தன் கனம் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பேச்சிப்பாறையில் அவன் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. சுடலையாண்டி பொட்டலத்தோடு தேடி வந்தார். வண்டியில் உட்கார்ந்தபடியே விஷயத்தை அவரிடம் சொன்னான். அதுவரை டெப்போவில்கூட யாருக்கும் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பொட்டலத்தைப் பின்சீட்டில் இருந்த ரப்பர் தோட்டக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து பத்து நாற்பதுக்குச் பாலும் சீனியும் போடாத கட்டன் சாயாவும் ஒரு வெள்ளரிக்காயும் வந்தன. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டியின் வாசனைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. நாலு மணி ஆனால் பசி கிள்ளும். பயணிகள் மடியில் வைத்திருக்கும் பார்சல்களில் எதில் சிப்ஸ், எதில் முந்திரிக்கொத்து என்று பார்க்காமலே சொல்லிவிடுவான். விடிந்ததும் பாசன சானல் கரையில் ஒரு மணி நேரம் நடந்தான். வீட்டில் இரண்டு வேளையும் ஓட்ஸ் கஞ்சி மட்டும் போதும் என்று கிரேசியிடம் கண்டிப்பாகச் சொன்னான். அவள் சரி என்றாள். கஞ்சி அவன் பயந்ததுபோல் இல்லை, ருசியாகவே இருந்தது. பசி வந்தால் ஓட்ஸும் இனிக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் அப்படி இருந்துவிட்டு தக்கலையில் மருந்துக்கடை வாசல் மெஷினில் ஏறினான். தொண்ணூற்று மூன்று. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். தொண்ணூற்று இரண்டே முக்கால். கடைக்காரர் மெஷின் சரிதான் என்றார். அன்று வண்டி ஓட்டும்போது அவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. தெரியாமல் எங்காவது தின்றுவிடுகிறேனா, தூக்கத்தில் எழுந்து தின்கிறேனா என்றெல்லாம் யோசித்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் நடக்கப் போனவன் மழை பிடித்துக்கொண்டதால் பாதியிலேயே திரும்பி, நனைந்தபடி பின்வாசல் வழியாக வந்தான். கிரேசி அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய கஞ்சிச் சட்டிக்குள் தேங்காயின் முதல் பாலை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெய்ப் புட்டி திறந்திருந்தது. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று. நிதானமாகக் கலக்கி, மேலே ஆடை தெரியாமல் இருக்கக் கொஞ்சம் வெந்நீர் விட்டாள். அப்புறம்தான் அவனைப் பார்த்தாள். கரண்டியை மறைக்கவில்லை.

"எத்தனை நாளாட்டு?" என்று கேட்டான்.

"நீங்க கஞ்சி கேட்ட நாள்லேர்ந்து."

மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. சட்டியைத் தூக்கி முற்றத்தில் வீசலாம் என்றிருந்தது. வெள்ளரிக்காய் தின்ற நாட்களெல்லாம் வரிசையாக மனதில் வந்தன. ஆனால் சட்டியைத் தொடவில்லை. ஈரத்தோடு தரையில் அவள் காலருகே உட்கார்ந்தான்.

"மூணு மாசம் இழுத்தடிச்சா ஆஸ்பத்திரிக்காரங்களே வேண்டாம்னுருவாங்கன்னு நெனச்சேன்," என்றாள் கிரேசி. "ரெண்டுபேரையும் ஒரே நாள்ல உள்ள கொண்டு போவாங்க. நம்ம மக ஷைஜா வெளிய இருப்பா. பதிமூணு வயசு. கதவத் திறந்து யாரும் வரல்லன்னா அவ யாருகூட வீட்டுக்குப் போவா? எனக்குன்னு விதிச்சது என்னோட போட்டும். அவளுக்கு ஒரு ஆள் வேணும்லா."

இதை அவள் எத்தனை மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு சொல் தடுமாறவில்லை. அவன் பதில் சொல்லத் தொடங்கினான், டாக்டர் சொன்ன கணக்குகளை, நூற்றில் இத்தனைபேர் என்று. பாதியில் நிறுத்திவிட்டான். அவளும் அதே அறையில் உட்கார்ந்து அதே கணக்கைக் கேட்டவள்தான். அப்போதுதான், சொல்ல வேண்டும் என்று நினைத்தே இராத ஒன்று வாயில் வந்தது.

"எனக்கும் பயம்தான் பிள்ளே," என்றான். "முதல் மாசம் நான் பஜ்ஜி தின்னதெல்லாம் பசிச்சா? ஒவ்வொண்ணு திங்கும்போதும் உள்ள ஒரு சமாதானம் வரும். இன்னும் கொஞ்சநாள் தள்ளிப்போவும், கத்தி கிட்ட வராதுன்னு. நீ இப்பந்தான் நெய் விட்ட. நான் அப்பமே விட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

கிரேசி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். கை ஓய்ந்தபோது அவன் தலைமேலேயே அதை வைத்துக்கொண்டாள். அந்தக் கஞ்சியை இருவரும் குடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வந்த ஷைஜா, இன்னைக்குக் கஞ்சி என்ன இவ்வளவு மணமாட்டு இருக்கு என்று கேட்டு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப்பிறகு அடுப்பு சத்தியநேசன் கைக்கு வந்தது. அவனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது டயட்டுக்கு நல்லதாகப் போயிற்று. அவன் வேகவைத்த பயறு பாதி கல்லாக இருக்கும். அவன் சுட்ட சப்பாத்தியை ஷைஜா வரைபடம் என்பாள். ஞாயிற்றுக்கிழமை மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். கிரேசி அருகில் இருந்தாள். ஷைஜா அழுவாள் என்று பயந்திருந்தார்கள். அவளோ, ஆபரேஷன் அன்றைக்குச் சித்தி தன்னுடன் இருப்பதாகச் சொல்லியாயிற்று என்றாள். விஷயம் முன்பே காதில் விழுந்து, அவளாகவே போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள்.  கிரேசி ஆபரேஷனுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவன் தட்டில் கூடுதலாக எதையும் வைக்கவில்லை.

தொண்ணூற்று ஒன்று, எண்பத்தொன்பது என்று இறங்கியது. எண்பத்தேழில் ஒன்பது நாள் அசையாமல் நின்றது. அந்த ஒன்பது நாளும் அவன் எல்லோரிடமும் எரிந்து விழுந்தான், தக்கலை ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரோடு சண்டையும் போட்டான். பிறகு மறுபடி இறங்கியது. சாயங்காலமும் நடந்தான். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வந்தவர்கள் கோட்டை வாசலில் ஐஸ்கிரீம் தின்பதைத் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனான். கெடு முடிந்து மறுபடி ஸ்கேன் எடுப்பதற்கு முந்தைய நாள் மருந்துக்கடை மெஷின் எண்பத்தைந்தே முக்கால் என்றது. அது போதுமா போதாதா என்று ஈரலுக்குள் பார்த்தால்தான் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக மூடிக்கிடந்த மெஷின். கிரேசி அவனுடைய காக்கிப் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மிதிப்பாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடி மிதிப்பாள். நாளைக்கு அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டா நடப்பீர்கள் என்று கேட்டாள். பக்கத்தில் வரச் சொல்லி, உட்கார்ந்தபடியே டேப்பை அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். இரண்டு கைகளும் பின்னால் போய்ச் சேர்ந்தன. சேர்ந்த பிறகும் எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள்.

போட்டுப் பாருங்க என்று கொடுத்தபோது அவன் பேன்ட்டைப் புரட்டிப் பார்த்தான். இடுப்பில் இருபக்கமும் நாலு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடிந்து கிடந்தது.

"இத வெட்டல்லியா?"

"வெட்டல்ல," என்றாள் கிரேசி, ஊசியிலிருந்து நூலைப் பல்லால் கடித்தபடி. "எல்லாம் முடிஞ்ச பொறவு திங்கத்தானே போறிய. அப்பம் பிரிச்சு விட்டுக்கிடலாம்."

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவள் விளக்கைப் போடச் சொல்லவில்லை. மடித்த துணியின் மேல் விரலை ஓட்டி, அது தட்டாமல் படிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.