பேத்தையைக் கண்டால் பச்சை

ஷிமொனோசெகியில் எங்கள் ஆய்வகத்து முயலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. நான் வைக்கவில்லை. "ஏய்" என்று கூப்பிடுவேன். ஒரு காதை மட்டும் திருப்பும். என் மாணவர்கள் அதுகூடத் திருப்புவதில்லை.

சங்கரா மீனின் விந்தணுவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து முயலுக்கு ஊசி போட்டிருந்தேன். அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாகும். அந்த ஆன்டிபாடி விந்தணுவில் அதே புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே நாங்கள் சேர்க்கும் சாயம் அந்த இடத்தைப் பச்சையாக ஒளிரவைக்கும். ஒளிரவில்லை. எத்தனை தடவை பார்த்தும் இருட்டு.

"சோம்பேறி முயல். வெள்ளிக்கிழமை முடிச்சிடு, ஹமாசாகி. கூண்டு வேணும்," என்றார் எங்கள் சென்செய், பேராசிரியர் குனிஹிரோ.

அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. பக்கத்து மேசை நாகதோமி அக்கா என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"சோம்பேறி யாருன்னு முதல்ல பாரு. அந்தச் சங்கரா விந்துப்பைய என்னைக்கு எடுத்த?"

"மார்ச்ல. சென்செய் பிரிவு விருந்து குடுத்தாரே, அன்னைக்கு."

"விருந்துல சுட்டுத் திங்க அவரு வாங்கிட்டு வந்த பேத்தை மீன் விந்துப்பையும் அதே ஃப்ரிட்ஜ்லதானே இருந்துச்சு? ரெண்டும் வெள்ளை, ரெண்டும் ஒரே மாதிரி பெட்டி. விருந்துக்கு எடுத்துட்டு வந்தது யாரு?"

டப்பாவை மூடினேன். நான்தான்.

பேத்தை வளர்க்கும் பக்கத்து ஆய்வகத்தில் ஒரு சொட்டு விந்து கடன் வாங்கி, முயலின் ஆன்டிபாடியை அதில் விட்டேன். மைக்ராஸ்கோப்புக்குள் திருவிழா! ஒவ்வொரு விந்தணுவின் தலையும் பச்சை.

அதாவது, ஊரிலேயே விலை கூடின பேத்தை முயலுக்குள் போயிருக்கிறது. நாங்கள் சுட்டுத் தின்றது சங்கரா. அன்று குனிஹிரோ சென்செய் கண்ணை மூடிக்கொண்டு, "இதான்யா பேத்தை! சங்கரா திங்கிற நாக்குக்கு இதெல்லாம் எங்க புரியும்?" என்று ஒரு சொற்பொழிவே ஆற்றியிருந்தார். எல்லோரும் தலையாட்டினோம். பலமாக ஆட்டியது நான்.

"போய்ச் சொல்லு. முயல் பிழைச்சிரும்," என்றார் அக்கா.

"நானு?"

"உனக்கு நான் உத்தரவாதம் தர முடியாதுப்பா."

சென்செய் அறையில் அந்தப் பச்சைத் தலைகளின் படத்தை மேசைமேல் வைத்து, முதுகு வலிக்கும் வரை குனிந்தேன். "முயல் மேல தப்பில்ல, சென்செய். பேத்தையோட பிரமாதமா ஒட்டுது. பெட்டிய மாத்தி எடுத்தது நான்."

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தை.

"அப்ப அன்னைக்கு நான் சாப்பிட்டது..."

"நானும்தான், சென்செய். ரெண்டு கிண்ணம்."

அவர் காது சிவந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டுக்குத் தயாரானேன். ஆனால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முயல் இருக்கட்டும்," என்றார் மெல்ல. "இந்தக் கட்டடத்துல பேத்தை எது, சங்கரா எதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."