என்ர குடத்தை ஆர் அரக்கினது?

"நான் பாட்டுப் பாடப் போறன், அம்மா."

"பாடன். ஆர் வேண்டாமெண்டது? சங்கீத ரீச்சரிட்டைச் சொல்லட்டே?"

"அந்தப் பாட்டில்லை. இது கத்துறது. பங்க் ரொக் எண்டு சொல்லுறது. கிற்றாரும் ட்ரம்ஸும் இடிக்க, மனசிலை கிடக்கிறதை அப்பிடியே கத்துறது."

"அதைக் கேக்க ஆக்கள் காசு குடுத்து வருவினமோ?"

"வருவினம்."

"இஞ்ச நான் இருபது வருசமாக் கத்துறன். ஒருத்தரும் ஒரு ரிக்கற் வாங்கேல்லை."

புளியங்கூடல் வீட்டுக் குசினியில் தனக்குப் பத்தொன்பது வயதில் நடந்த இந்தக் கதையைப் பவதாரணி பேட்டி எடுக்க வந்த எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா இராசேஸ்வரி தன்னுடைய ஒரு நிகழ்ச்சிக்குக்கூட வந்ததில்லை என்பதை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் அவளுடைய முதல் பாட்டே அம்மாவினுடையதுதான். அவர்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில் வரும். அது வருவதற்கு முதல்நாளே தெருவோரம் குடங்கள் வரிசை பிடித்துவிடும். ஆட்கள் வீட்டில் சமைப்பார்கள், துவைப்பார்கள், தூங்குவார்கள். அவர்களுக்காகக் குடம் நிற்கும். ஒரு குடம் வரிசையை விட்டு எழும்பினால் பின்னால் உள்ளவை முன்னே வந்துவிடும். திரும்பி வந்தால் வாலில்தான் இடம். யாராவது தன்னுடைய குடத்தைக் களவாகப் பின்னுக்கு நகர்த்தியது தெரிந்தால் இராசேஸ்வரி தெருவே அதிரக் கேட்பார்.

"என்ர குடத்தை ஆர் அரக்கினது?"

ஆர் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

அந்த ஒரு வரியை வைத்துப் பவதாரணி பாட்டுக் கட்டினாள். காணி, வேலை, பஸ்ஸில் பிடித்த சீற் என்று பறிபோன ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. ஒவ்வோர் அடிக்கும் பிறகு அதே கேள்வி. லக்சிகா கிற்றார் வாசித்தாள். துஷ்யந்தன் ட்ரம்ஸுக்கு நடுவே ஓர் அலுமினியக் குடத்தைக் கவிழ்த்து வைத்து அடித்தான். குழுவுக்கு 'உவர்' என்று பெயர். யாழ்ப்பாணத்தில் முதல் நிகழ்ச்சிக்குக் கேட்க வந்தவர்களைவிடக் கதிரை அடுக்க வந்தவர்கள் அதிகம். பிறகு கொழும்பு அழைத்தது. அதன் பிறகு ரொறன்ரோ. அங்கே புளியங்கூடலை விட்டுப் போனவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊரில் நின்று, குடத்தைக் காணவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

இடையில் துஷ்யந்தன் அவளுக்குக் கணவனும் ஆனான். ஒத்திகை முடிந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடியபோது, "இதெல்லாத்தையும் ஒரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் எவ்வளவு சுகம்" என்றான். அவன் காதலைச் சொன்னது அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கலியாணத்துக்குப் பக்கத்து வீட்டு மீனலோசனி வரவில்லை. "வேலிக்கு மேலாலை சொன்னால் அது சொன்னதோ? படலையைத் திறந்து வந்து, வாங்கோ எண்டு சொல்லவேணும்" என்று ஒரு வருடம் கதைக்காமல் இருந்தார். இராசேஸ்வரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் பவதாரணி சொல்லுவாள்: "அம்மா, வாற சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலை பாட்டு."

"ஓமோ? வடிவாச் சாப்பிட்டிட்டுப் பாடு."

வாங்கோ என்ற சொல் நுனிநாக்கு வரை வரும். ஏலாது என்று அம்மா சொல்லிவிட்டால்? ஆயிரம் பேருக்கு முன்னால் கத்துகிறவள் அந்த ஒரு சொல்லை விழுங்கிவிடுவாள்.

இந்த ஆவணியில் முதல்முறையாக ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் பக்கத்து வெட்டவெளியில் மேடை போட்டார்கள். வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணம்தான். இதற்கும் வராவிட்டால் அம்மா இனி எதற்கும் வரமாட்டார் என்று பவதாரணிக்குத் தோன்றியது. நிகழ்ச்சியன்று அம்மா வீட்டில், காலைச் சாப்பாட்டில் தொடங்கினாள்.

"அம்மா, இண்டைக்குப் பின்னேரம் ஊர்காவற்றுறையிலை..."

"தெரியும். மதில் மதிலா நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு. தம்பி, இன்னும் ரெண்டு இடியப்பம் வையுங்கோ." அம்மா மருமகன் பக்கம் திரும்பிவிட்டார்.

அத்தோடு முடிந்தது.

பிழை துஷ்யந்தனால் நடந்தது. குழுவின் குடம் விமானப் பயணத்தில் நசுங்கிப் போயிருந்தது. படலைக்கு வெளியே, தெருவோரம், மாமியின் குடம் நின்றது. பவுசர் நாளைக்குத்தானே, இன்றிரவே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று தூக்கிக் குழுவின் வான் வண்டியில் ஏற்றினான். அவன் பட்டணத்துக்காரன். அந்தப் பாட்டுக்கு இத்தனை வருடம் தாளம் போட்டவனுக்கு, பாட்டு எதைச் சொல்கிறது என்பது அன்றுவரை தலைக்குள் ஏறவில்லை.

பின்னேரம் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். காரைநகர்ப் படகில் வந்தவர்களும் சேர, வெளி பாதி நிறைந்துவிட்டது. பஸ் ஒன்று வந்து நின்றது. இராசேஸ்வரி இறங்கினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மேடை நடுவே, கவிழ்த்து வைத்த குடத்தில், சிவப்புப் பெயின்ரில் தன் பெயரின் முதலெழுத்தைக் கண்டார்.

"என்ர குடத்தை ஆர் அரக்கினது?"

மைக் இல்லாமலே அது கடல்வரை போனது. நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்த கூட்டம் ஒரே குரலில் திருப்பிக் கத்தியது: "என்ர குடத்தை ஆர் அரக்கினது?"

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லாமல் என்னட்டையே கேக்கிறியளோ!" என்றார் இராசேஸ்வரி. கூட்டம் அதற்கும் விசிலடித்தது.

துஷ்யந்தன் எழுந்து நின்றான். "நான்தான் மாமி. சும்மாதானே நிக்குது எண்டு..."

"குடம் சும்மா நிக்குமே, தம்பி? மீனலோசனி இப்ப என்ர இடத்திலை நிக்கிறாள். நீங்கள் வானிலை ஏத்தினதை வந்து சொன்னதும் அவள்தான், சிரிச்சுச் சிரிச்சு!"

லக்சிகா கிற்றாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பவதாரணி மைக்கும் கையுமாக மேடை விளிம்புக்கு வந்தாள். துஷ்யந்தன் கொடுத்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா திரும்பிவிட்டார்.

"அம்மா, போறியளோ?"

"பின்னை? என்னை ஆர் கூப்பிட்டது?"

"ஒவ்வொருக்காலும் சொன்னனான்தானே!"

"நீ நாள் சொன்னனீ. இடம் சொன்னனீ. ராச்சாப்பாட்டுக்கு வரமாட்டன் எண்டு சொன்னனீ. வாங்கோ எண்டு சொன்னனீயே? கூப்பிடாத இடத்துக்கு நான் போறேல்லை. பெத்த பிள்ளையின்ர எண்டாலும் போறேல்லை." அம்மாவின் குரல் தணிந்தது. "ஒவ்வொருக்காலும் சேலையை எடுத்து வெளியிலை வைச்சிட்டுத்தான் இருந்தனான்."

அப்போதுதான் பவதாரணி பார்த்தாள். குடம் தேடி வந்த அம்மா கட்டியிருந்தது வீட்டுச் சேலை இல்லை. அலுமாரியில் இருந்த மடிப்புக் கலையாத நாவல் நிறப் பட்டு, அவளுடைய கலியாணத்துக்குக் கட்டியது.

மேடையில் நின்று சொன்னால் அது வேலிக்கு மேலால் சொன்னது போலத்தான். பவதாரணி கீழே குதித்தாள். வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே நடந்து போய் அம்மாவுக்கு முன்னால் நின்றாள். கையில் மைக் இருந்ததையும் அது வேலை செய்துகொண்டிருந்ததையும் மறந்தே போனாள். அதனால் அவள் சொன்னது படகுகளில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"அம்மா, என்ர பாட்டுக் கேக்க வாங்கோ. நீங்கள் கட்டாயம் வரவேணும்."