பாத்திரக்கடை எழுத்து

1

இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று பொய் சொல்லித்தான் அந்த மெடலை வாங்கினேன். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொய்யை மெய்யாக்கிவிட்டால் பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

முதல் தொடக்கம்: ‘குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு —’

வேண்டாம். எங்கள் ஊர்க்காரன் பேனாவைத் திறந்தால் முதலில் சாரல்தான் விழும்.

இரண்டாவது: ‘எபனேசர் நல்லவன். அழிந்துபோகிற பழம்பொருள்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே —’

எபனேசர் நான்தான். இதையும் அடித்துவிட்டேன்.

2

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட்டுக்காக வந்து நிற்பார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் நகலெடுப்பார்கள். யாருக்கு எந்தப் போரில் என்ன மெடல் என்று அதில் எழுதியிருக்கும். பழைய மெடல்களைச் சேர்க்கிற பித்து எனக்கு; ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வேன். (அடைப்புக்குறிக்குள் சொன்னால் குற்றம் சின்னதாகிவிடாது. தெரியும்.)

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போவேன். விலைக்குக் கேட்டால் சனங்கள் உஷாராகிவிடுவார்கள். உங்கள் அப்பாவைப் பற்றிக் கதை எழுதப்போகிறேன், மெடலைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் காபியும் போட்டுக் கொடுத்து, மெடலையும் காகிதத்தில் பொதிந்து கொடுப்பார்கள். வாங்கிய எதையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. கேட்டு யாரும் வந்ததுமில்லை.

ஆய்க்குடியில் ஆனந்தவள்ளி அப்படித்தான் கொடுத்தாள். அவள் அப்பா எழுபத்தொன்றாம் வருடப் போருக்குப் போனவர். பெயர் மகாராஜா. இந்த மெடல்களின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் பொறித்திருப்பார்கள். இவர்களோ ஆயுத பூசைதோறும் அருவாள், மண்வெட்டியோடு சேர்த்து மெடலையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.* தேய்த்த கைக்கு வாகான பக்கத்தில் இருந்த நம்பரும் ரேங்கும் போயே போய்விட்டன. பெயர் மட்டும் தப்பியது.

* மெடலைத் துலக்கக் கூடாது என்பது சேகரிப்பவனின் முதல் பாடம். கும்பிடுகிறவர்களுக்கு அப்படி ஒரு பாடம் கிடையாது.

3

சீசனுக்குக் குளிக்க வந்த எர்ணாகுளத்துச் சேகரிப்பாளர் ஒருவர் என் வீட்டு அலமாரியைப் பார்க்க வந்தார். அந்த விளிம்பை லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு, எந்த சமஸ்தானத்து மகாராஜா என்று கேட்டார்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நின்று ‘ஏலே மகாராஜா’ என்று கூப்பிட்டால் மூட்டை தூக்குகிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குடும்பத்தார் பெயர் வெளியே வரக் கூடாது என்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மனிதர் சொக்கிப்போனார். இருபது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த முதல் உலகப்போர் மெடல் ஒன்றைப் பதிலுக்குத் தந்தார்.

ராஜாவைக் கொடுத்துச் சிப்பாயை வாங்கினேன் என்று என் மனைவி ஷெர்லினிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

4

போன ஆடியில் ஆனந்தவள்ளி கடைக்கு வந்தாள். (இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்ல எனக்குத் தோதாக இருந்திருக்கும்.)

அப்பாவுக்குக் கண் அவிந்துவிட்டது, நினைவும் தடம் மாறிவிட்டது என்றாள். பட்டாளத்திலிருந்து ஓடிவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாராம். யாராவது கதவைத் தட்டினால், பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறாராம். சொந்தக்காரர்களைக்கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

“மெடல கையில குடுத்தா நம்புவாவ அண்ணாச்சி. ஓடி வந்தவனுக்கு மெடலு குடுக்க மாட்டாவல்லா?” என்றாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, “கத எழுதியாச்சா?” என்று கேட்டாள்.

முடியப்போகிறது என்றேன்.

எர்ணாகுளத்துக்காரருக்குப் போன் போட்டேன். அவர் அதை எப்போதோ கைமாற்றிவிட்டார். யாரிடம் என்று கேட்டேன். வாங்கியவர் பெயர் வெளியே வரக் கூடாதாம்.

5

பட்டாளத்துக்காரர்கள் விழாவுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள நகல் மெடல்கள் விற்பனைக்கு உண்டு. ஒன்றை வரவழைத்தேன். எல்லாம் அச்சு அசல், விளிம்பு மட்டும் மொட்டை. நேரே பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பெயர் வெட்டுகிற பென்னி, சீர்வரிசைக் குடம் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்ஷியல் போட வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நான் திருட்டுத்தனமாக எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸைப் பார்த்து, நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் புள்ளி புள்ளியாக வெட்டித் தந்தான்.

ஆய்க்குடிக்குப் போனேன். போன வேகத்தில் கதவைத் தட்டிவிட்டேன். அறிவுகெட்டவன், தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே கட்டில் நகர்கிற சத்தம் கேட்டது.

ஆனந்தவள்ளி கெஞ்சிக் கூத்தாடி அவரை வெளியே வரவைத்தாள். மெடலைக் கையில் வைத்தேன். உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே பெருவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டினார். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று. நகம் நின்றது.

“இது பாத்திரக்கட எழுத்துல்லா,” என்றார். “ஏட்டி, யாருக்குக் கல்யாணம்?”

மெடலைத் தரையில் வைத்துவிட்டு, தடவித் தடவிக் கட்டிலுக்கடியிலேயே போய்விட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஆனந்தவள்ளி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா மெடல் எங்கே என்று கேட்பாள் என நடுங்கிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. வாசல்வரை வந்தாள்.

“கதையிலயாவது எங்கப்பா ஓடி வரலன்னு எழுதுங்க,” என்றாள்.

6

முடிவு ஒன்று: மெடல் பார்சலில் திரும்பி வருகிறது. எழுதிப் பார்த்தேன். தபால்காரர் சைக்கிள் மணியடிக்கும்போதே பொய் பல்லிளித்தது.

இரண்டு: நான் ஆனந்தவள்ளியின் காலில் விழுந்து எல்லாவற்றையும் —

இது என் நிம்மதிக்காக எழுதுவது. அந்தப் பெரியவருக்கு இதனால் என்ன?

மூன்றாவதில் அவர் இறந்துபோகிறார். சேகரிக்கிறவனுக்கு எப்போதும் சாவுதான் வசதி, பொருளைக் கேட்டு ஆள் வராது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அந்த ஜெராக்ஸ் மட்டும்தான். அதை வைத்து நாலு வரி, அவள் கேட்டபடி, கீழே எழுதியிருக்கிறேன். அவருக்குக் கண் தெரியாது, யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நான் போக முடியாது. அவர் நம்பிய ஒரு நிமிடத்தைக் கெடுத்தவன் நான். உங்கள் குரல் அவருக்குப் புதிது. தென்காசியிலிருந்து ஆய்க்குடிக்கு டவுன் பஸ் இருக்கிறது. வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

‘2548316, சிப்பாய் மகாராஜா. போருக்குப் போனார். பதினைந்து வருடம் இருந்துவிட்டு, முறைப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஓடி வரவில்லை.’

ஜன்னல் பக்கம் நின்று சத்தமாக வாசியுங்கள். அவர் நம்புகிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கதவை மட்டும் தட்டிவிடாதீர்கள்.