ஏழு படி இறக்கம்

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கடுகு விழுதோடு பிசைந்துகொண்டிருந்த டார்லா, மூன்று நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, அப்பா ஏன் கீழ இறங்கினாரு?"

நெல்டா பன்றித்தொடைக் கறியை மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"வெண்டைக்காய் ஊறுகாய் எடுக்கத்தான். போன வருஷத்து ஜாடி நாலு அங்க கிடக்குல்ல."

"ஆலங்கட்டி கொட்டுற நேரத்துலயா?"

"உங்கப்பாவுக்குப் பசிக்க நேரம் காலம் உண்டா?"

இரண்டு மணிக்குத் தேவாலயத்தில் அப்பா வெர்லினின் அடக்கப் பிரார்த்தனை. ஆலங்கட்டி மழையில் அடிபட்டுச் சொட்டையான கார்களை மலிவாக வாங்கி, நார்மன் நகரத்து மாணவர்களின் தலையில் கட்டி நாற்பது வருஷம் பிழைத்த மனிதர். புதன்கிழமை விழுந்த ஆலங்கட்டிக்குத் தள்ளுபடி எப்போது என்று இன்று காலைகூட இரண்டு பேர் கூப்பிட்டு விசாரித்தார்கள். இருந்திருந்தால் வாயெல்லாம் பல்லாகியிருப்பார்.

மகள் டார்லாவுக்கு அதே ஊரில் வானிலை அலுவலகத்தில் வேலை. புதன் மாலை சூறாவளி எச்சரிக்கையை அனுப்பியவள் அவள்தான். மேகம் அப்படித்தான் சுழன்றது. யார் உட்கார்ந்திருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். ஊர் முழுக்கச் சைரன் அலறியது. இருபத்திரண்டு நிமிடத்தில் மேற்கே கோதுமை வயல்களுக்கு மேல் சுழி பிரிந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒரு கூரை ஓடுகூட நகரவில்லை. செத்தது ஒரே ஓர் ஆள். கார் கொட்டகைத் தரைக்கு அடியில் இருந்த இரும்புப் பதுங்கறைக்குள், ஏழு படி இறங்கி, எழுபத்தாறு வயது இதயம் நின்றுபோன அவளுடைய அப்பா.

முப்பது வருஷத்தில் அவர் அதற்குள் இறங்கியதே இல்லை. சைரன் ஊதினால் வாசலில் நாற்காலியைப் போட்டு, பக்கத்து வீட்டு ராய்ஸோடு பீரைத் திறந்துவைத்துக்கொண்டு வானத்தை வேடிக்கை பார்ப்பார். 'உள்ள போங்கப்பா' என்று டார்லா தொலைபேசியில் கத்தினால், "எத்தனை சதவீதம்?" என்பார். எழுபது என்றால், "முப்பதுக்கு முடி, யோசிக்கிறேன்" என்று பேரம் பேசுவார்.

இந்தத் தடவை எதற்காக இறங்கினார்? ஊறுகாய்க்காகவா, அவள் பேச்சுக்காகவா? டார்லாவுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு ராய்ஸ் வந்தார். கையில் மனைவி கொடுத்தனுப்பிய, பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத் தட்டு.

"அவன் ஊறுகாய்க்குத்தான் போனான், கண்ணு" என்றார், தட்டைக் கீழே வைக்கும் முன்பே. "நான்தான் வாசல்ல கூட இருந்தேனே. 'ஒரு ஜாடி எடுத்தாரேன்டா'ன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் விலையை இறக்குகிறவனின் காரை அடியில் படுத்துப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் டார்லா. கையைத் துடைத்தாள்.

"சரி, நானே போயி ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"வேணாம்டி. படி வழுக்கும்."

"ஏழு படிதானேம்மா."

கத்தி இப்போது நின்றது.

கொட்டகையில் இரும்பு மூடியைத் தள்ளி, கைப்பிடியைப் பற்றி இறங்கினாள். ஈரமும் துருவும் கலந்த வாடை. ஜாடி ஒன்றுகூட இல்லை. பெஞ்சின் மேல் டார்ச், இரண்டு தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பி, விசில். ஒவ்வொரு வசந்தத்துக்கும் அவள் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் பட்டியலில் உள்ளவைதான், அதே வரிசையில். அந்தத் தாளின் பின்பக்கம்தான் அவர் கார் விலைகளைக் கிறுக்கி வைப்பார்.

ஓரமாக இரண்டு சைக்கிள் தலைக்கவசங்கள். சூறாவளியில் தலைக்கு அடிபடாமலிருக்க என்று கிறிஸ்துமஸுக்கு அவள் வாங்கிக் கொடுத்தபோது, "இதை மாட்டிக்கிட்டா வர்றவன் விலையைக் குறைச்சுக் கேப்பான்" என்று ஒதுக்கிவைத்தவை. பெரியதை எடுத்தாள். தாடை வாரின் கொக்கி மாட்டியபடியே இருந்தது. வார்தான் பக்கவாட்டில், மருத்துவ வண்டிக்காரர்களின் கத்தரியால், நேராக வெட்டுப்பட்டிருந்தது.

பிறகு அதை இருந்த மாதிரியே வைத்துவிட்டு ஏறி மூடியை இழுத்து மூடினாள்.

கொட்டகையை ஒட்டிய சாமான் அறையில், மாவு டின்னுக்குப் பின்னால் நாலு ஜாடியும் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

நெல்டா ஜாடியைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிடைச்சுதா?"

"ம். நீ சொன்ன மாதிரியே. நாலும் அங்கதான் இருக்கு."

ராய்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே துடைத்துவிட்டாற்போல் நீல வானம்.

நண்பகல் ஆனது. சனிக்கிழமை தவறாமல் ஊதும் சோதனைச் சைரன் ஊரின் நாலு மூலையிலும் எழுந்தது. யாரும் தலை நிமிரவில்லை. ராய்ஸ் மட்டும் பழக்க தோஷத்தில் மணிக்கட்டைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார்.

நெல்டா ஜாடியைத் திறந்து நாலு வெண்டைக்காயைத் தட்டில் வைத்து நகர்த்தினாள். டார்லா ஒன்றைக் கடித்தாள்.

"புளிப்பு சரியா இருக்கா?" சைரனுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள் அம்மா.

டார்லா தலையாட்டினாள். அந்தச் சத்தம் இறங்கி ஓயும்வரை, நெல்டாவின் விரல்கள் தன்னையறியாமல் தாடைக்கு அடியில் இல்லாத ஒரு வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தன.