நாலாயிரத்தில் ஒன்று

கமராவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் இந்தப் பாவம் என் தலையில் விழுந்திருக்காது. முப்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவன் தனக்கு ஒன்று விளங்கவில்லை என்று லேசில் சொல்லமாட்டான்.

என் மாமனார் இளையதம்பி கார்த்திகையில் காலமானார். மூத்த மகன் அருட்செல்வன் கனடாவில் இருக்கிறான். அகதி வழக்கு முடியாததால் அவனால் வரமுடியவில்லை. கொள்ளி வைத்தது இளையவன் கோகுலன். செல்வன் எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தான்.

"அத்தான், நான் இன்னும் அழேல்லை. போனிலை பார்க்க ஆரோ பிறத்தியாற்றை செத்தவீடு மாதிரிக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாம்பல் கரைக்கேக்கை ஒரு நல்ல படம் எடுத்துத் தாங்கோ. அப்பா கடலிலை போறதைக் கண்ணாலை கண்டால்தான் என்ரை மனம் நம்பும்."

ஊருக்கு வந்த ஒருவரிடம், படம் எடுக்கவென்று ஒரு கமராவையும் கொடுத்துவிட்டான். கறுப்பாக, கனமாக, தலையில் திருகுகிற ஒரு சில்லோடு அது வந்து சேர்ந்தது. சில்லில் பச்சை நிறத்தில் ஓட்டோ. அதன் பக்கத்தில் பி, எஸ், ஏ, எம் என்று எழுத்துகள். ஓட்டோவில் விட்டால் எல்லாவற்றையும் கமராவே பார்த்துக்கொள்ளுமாம்.

"அதிலையே விட்டிட்டு எடுங்கோவன்" என்றாள் என் மனைவி பத்மாசினி.

"ஓட்டோவிலை விடுறதெண்டால் நான் எதுக்கு? சந்தியிலை நிக்கிற ஓட்டோக்காரனே எடுப்பான்" என்றேன். துக்க வீட்டிலும் எனக்குப் பகிடி குறையவில்லை.

என்னைக் கவிழ்த்தது எஸ். அதில் வைத்தால் கமராவின் கதவு எவ்வளவு நேரம் திறந்து மூடவேண்டும் என்பதை நாமே சொல்லலாம். எல்லாம் பின்னங்கள். ஒரு செக்கனில் அறுபதில் ஒன்று, ஐந்நூறில் ஒன்று, நாலாயிரத்தில் ஒன்று. பின்னம் என் சொந்த வயல். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்துவிட்டுக் காங்கேசன்துறைக் கடற்கரைக்குப் போனேன். உச்சி வெயிலில், நாலாயிரத்தில் ஒன்றில் வைத்து, அலை கல்லில் மோதுவதை எடுத்தேன். தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் அந்தரத்தில் நின்றது. மாமாவின் சாம்பலும் இப்படித்தான் நிற்கவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தேன். செல்வனுக்கு வேண்டியது அப்பாவின் படம். எனக்கு வேண்டியது என் கெட்டித்தனத்தின் படம். இதை இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கே தெரியாது.

அந்தியேட்டி அன்று கீரிமலையில் வானம் மூடிக் கிடந்தது. கோகுலன் மாமாவின் சாம்பல் இருந்த மண்முட்டியோடு கடலில் இறங்கினான். சொந்தக்காரர் நாலைந்து பேர் போனை நீட்டினார்கள்.

"போனுகளை உள்ளுக்கை வையுங்கோ. படத்துக்குள்ளை கை விழுது" என்றேன், வகுப்பில் சொல்கிற குரலில். எல்லாரும் வைத்துவிட்டார்கள்.

கோகுலன் பிடி பிடியாகக் கரைத்தான். நான் கமராப் பொத்தானைப் பதினேழு தரம் அமத்தினேன். எடுத்த படத்தை உடனுக்குடன் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் பழக்கம் என்று அந்த வீடியோக்காரர் சொல்லியிருந்தார். நான் பார்க்கவில்லை.

எல்லாரும் கேணியில் தோயப் போனபிறகு பார்த்தேன். பதினேழும் கறுப்பு. அவ்வளவு வேகமாக மூடும் கதவுக்கு அந்த மப்பு வெளிச்சம் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் கண்டால் மானம் போய்விடுமே என்ற பயத்தில் கார்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கோகுலனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வெறும் முட்டி கல்லில் கிடந்தது. என் பைக்குள் நகுலேஸ்வரம் கோயில் வாசலில் வாங்கிய திருநீற்றுப் பை இருந்தது. ஒரு துளி நிலத்தில் சிந்தினாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற குடும்பம் எங்களுடையது. அந்தப் பையைப் பிரித்து முட்டிக்குள் கொட்டினேன்.

"அத்தான், இது சரியே?" என்று கேட்டான் கோகுலன்.

"கொண்ணைக்காக, செல்வனுக்காகத்தான். திரும்ப ஒருக்கா இறங்கு."

சில்லைப் பச்சை ஓட்டோவுக்குத் திருப்பினேன். கோகுலன் இறங்கி, திருநீற்றை அள்ளிக் கடலில் விட்டான். உண்மையாகக் கரைத்தபோது கல்லுப்போல நின்றவன் இப்போது விம்மி விம்மி அழுதான். அந்த அழுகையையும் எடுத்தேன். படங்கள் அருமையாக வந்தன. ஐயோ, அவ்வளவு அருமையாக வந்திருக்கவேண்டாம்.

அன்று மாலையே அனுப்பினேன். அடுத்த நாள் செல்வன் போன் எடுத்தான்.

"அத்தான், முப்பத்தொரு நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் அழுதனான். போனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதனான். படத்தைப் பெருப்பிச்சு, அந்தச் சாம்பலைத் தொட்டுக் கும்பிட்டனான். பெரிசாய் அடிச்சுச் சட்டம் போடக் குடுத்திருக்கிறன்."

சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

"இது முதல் பிடியே அத்தான், கடைசிப் பிடியே?"

பொய்யென்றால் ஒரு சொல்லோடு முடியும் என்று நினைத்திருந்தேன். அவன் கணக்குக் கேட்கிறான்.

"முதல் பிடி" என்றேன்.

"நான் நிண்டிருந்தால் என்ரை கையாலை விட்டிருப்பன்" என்றான். அதோடு போனை வைத்துவிட்டான்.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. கோகுலன் வீட்டுப்பக்கம் வந்தால் நான் தோட்டத்துக்குள் போய்விடுவேன். செய்த பிழையையாவது முழுதாக விளங்கிக்கொள்வோம் என்று இணையத்தில் வேறொருவரின் கமராப் பாடங்களை ஒன்றாம் பாடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன். ஓட்டோ ஏன், எஸ் எப்போது, எம் யாருக்கு என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார். பாடம் நன்றாக விளங்கியது. விளங்க விளங்க என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

நாலாம் பாடத்தில் அவர் ஒரு படத்தைக் காட்டினார். முழுக் கறுப்பு. கணினியில் வெளிச்சம் கூட்டும் கோட்டிலிருந்த குமிழை மெல்ல வலப்பக்கம் இழுத்தார். கறுப்புக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் முகம் வந்தது. கொஞ்சம் மணல் தூவியது போல, ஆனால் முகம்தான், கண்தான், சிரிப்புத்தான். இருண்டுபோன படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள், அதற்குள் எல்லாம் இருக்கும் என்றார்.

அந்த இடத்திலேயே வீடியோவை நிறுத்திவிட்டேன்.

தேத்தண்ணியோடு வந்த பத்மாசினி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"பதினேழிலையும் மாமா இருந்திருக்கிறார், பத்மா" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவள் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள்.

"எந்தப் பதினேழு?" என்று கேட்டாள்.