பின்கதவுத் தட்டு

அன்றைக்கு வண்டியில் கடைசியாக ஓடிய பாட்டு எது என்பதில் எனக்கு உறுதி இல்லை. மாப்பிள்ளை இந்தக் கதையைச் சொன்னபோது ஒருமுறை வேகமான பாட்டு என்றார், மறுமுறை மெதுவானது என்றார். இரண்டையும் நானே குழப்பி வைத்திருக்கவும் கூடும். தட்டல் சத்தத்தைப் பற்றி மட்டும் அவர் பேச்சு மாறியதே இல்லை.

அண்ணன், தம்பி, இருவருக்கும் நடுவில் பிறந்த ஒரே பெண். அவளைக் கட்டியவர்தான் மாப்பிள்ளை. அண்ணன் கிதார், தம்பி டிரம்ஸ், மாப்பிள்ளைக்கு பேஸ் கிதாரும் வண்டியும். வாசித்தது சர்ஃப் எனப்படும் பழைய அமெரிக்கக் கடற்கரை இசை. பாடகன் கிடையாது. கிதார் தண்ணீருக்கு அடியிலிருந்து கத்துவது போல ஒலிக்கும். டிரம்ஸ் அதைக் கரைக்குத் துரத்திக்கொண்டு வரும். கோடைதோறும் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வாசிக்கப் போவார்கள். வழி நெடுக அதே இசையைக் கேட்டுக்கொண்டு போவதுதான் அவர்களுக்குச் சுற்றுலா.

வண்டியின் பின்பக்கம் கூரைவரை ஸ்பீக்கர் பெட்டிகள் அடைத்திருக்கும். பின்னால் எதுவும் தெரியாது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டுமென்றால் தம்பி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுப் பின்கதவில் நான்கு தட்டுத் தட்டுவான். பாட்டைத் தொடங்கக் குச்சிகளைத் தட்டுவானே, அதே நிதானம். நான்காவது விழுந்ததும் மேடையில் மாப்பிள்ளையின் விரல் நகரும், வண்டியில் கால் நகரும். இடையில் யோசனைக்கு இடமில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது மனைவி ஜன்னலோரம் வந்து நின்றாள். “பாம்பையும் கீரியையும் ஒரே கூடையில வச்சு அனுப்புறேன். ரெண்டு பேரையும் முழுசா கூட்டிட்டு வாங்க, அது போதும்.” மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கடல் கண்ணில் பட்டதும் அண்ணன் வாயைத் திறந்தான். இந்தத் தடவை டிரம்ஸுக்குப் பதில் தாள மெஷின், ஓட்டலில் சொல்லியாகிவிட்டது என்றான்.

“அப்ப நான் எதுக்கு வந்தேன்?” என்றான் பின்சீட்டிலிருந்த தம்பி.

“சாமான் இறக்க ஆள் வேணாமா? தாளத்தை விட்டுட்டு நீ ஓடுவ, நான் நாய் மாதிரி பின்னாடியே ஓடி வரணும். மெஷின் அப்படி ஓடாது.”

மாப்பிள்ளை பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு பின்னாலிருந்து ஒரு குச்சி வந்து அண்ணனின் தொண்டைக்குக் குறுக்கே விழுந்தது. அதன் இரு முனைகளையும் பிடித்துத் தம்பி இழுத்தான். அண்ணன் உதைத்த உதையில் முன்கண்ணாடி விரிசல் விட்டது. வண்டி சாலையை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது.

இருவரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே உருண்டார்கள். அண்ணன் ஸ்பீக்கர் ஸ்டாண்டின் இரும்புக் கால் ஒன்றை எடுத்துத் தம்பியின் காதில் போட்டான். காது கிழிந்து தொங்கியது. தம்பி அவன் மூக்கை நெற்றியால் உடைத்தான். நடுவில் புகுந்த மாப்பிள்ளைக்கு ஒரு முழங்கை கிடைத்து முன்பல் போயிற்று.

“போதும்டா,” என்றார், வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு. “அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவள் பேச்சு வந்ததும் இருவரும் கையை விட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். வண்டிக்குள் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் அப்படி உட்கார்ந்திருந்ததைச் சமாதானம் என்று மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அண்ணன்தான் எழுந்தான். “நீங்க ஏறுங்க மாப்ள. சக்கரத்துக்கு ஏதாவது குடுத்துட்டுத் தட்டுறோம்.”

மேடையில் தம்பியின் டிரம்ஸுக்கு அடியில் போடும் விரிப்பை இருவரும் எடுத்தார்கள். அண்ணன் மண்டியிட்டு அதைப் பின்சக்கரத்தடியில் செருகினான். செருகியபடியே, “இதுக்காவது உன் டிரம்ஸ் உதவுதே,” என்றான். அவன் அப்படிச் சொன்னது பிறகு கோர்ட்டில்தான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு அவர் காத்திருந்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி. பின்கதவில் தட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. ஆனால் நிதானம் இம்மியும் பிசகவில்லை. கால் தானாக அழுத்தியது.

தம்பி தட்டியது குச்சியால் அல்ல. அண்ணனின் முடியைப் பிடித்து, அவன் தலையைக் கதவில் மோதியிருந்தான். அவ்வளவு வெறியிலும் தாளம் தப்பவில்லை. நான்காவது மோதலில் அண்ணன் நினைவிழந்து விரிப்பின் மேல் சரிந்தான். சக்கரம் விரிப்பைப் பற்றிக்கொண்டு மணலிலிருந்து ஏறியது. ஏதோ மேட்டில் ஏறி இறங்கியது போல இருந்தது என்று மாப்பிள்ளை சொன்னார். “மாமா, நிறுத்துங்க” என்ற தம்பியின் குரல் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அண்ணன் பிழைத்தான். வலது கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு பள்ளியில் மணி அடிக்கிறான். தம்பி சிறைக்குப் போய் வந்து கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான்; வீட்டுக்கு வருவதில்லை. மாப்பிள்ளை வண்டி ஓட்டுவதில்லை. யாராவது கதவைத் தட்டினால் அவர் எழுவதில்லை, மனைவிதான் போய்த் திறக்கிறாள். முழுசா கூட்டிட்டு வரச் சொன்னேனே என்று அவள் அவரை ஒருநாளும் கேட்டதில்லை.