கிராணி போட்ட நாற்காலி

லூபோக் சீனா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஊரடங்கு காலை ஆறு மணிக்கு முடியும். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் காட்டுக்காரருக்கு யாரும் அரிசி கொடுக்கக் கூடாதென்று சர்க்கார் போட்ட ஊரடங்கு. ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு முள்வேலி தாண்டி முதல் மரத்தடியில் நிற்க வேண்டும். எப்படிப் பறப்பது என்று மட்டும் துரை சொல்லித் தரவில்லை. கொசு மொய்க்கப் பட்டையைச் சீவி, பால் பிடிக்க மங்கு வைத்து, அடுத்த மரத்துக்கு ஓடினோம். ஆளுக்கு ஐம்பது மரம் கூட்டியிருந்தார்கள், கூலி கூடவில்லை. முடியாது என்றது எங்கள் தொழிலாளர் சங்கம். அதிலிருந்து துரை சிரிக்க ஆரம்பித்திருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நடைமுறை சொல்வது என் பொறுப்பு. நியாலாஸ் தோட்டத்திலிருந்து வந்த ராமாத்தாள் அக்காவுக்கும் சொன்னேன்: ஆபீஸுக்குத் தனியாகப் போகக் கூடாது, கூட இரண்டு பேர். கூட்டத்தில் கொட்டாவி விடலாம், தலைவரே விடுவார். ஒன்றைச் சொல்ல மறந்தேன்: ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாற்காலி போட்டால் உட்காரக் கூடாது. கடைசியாக உட்கார்ந்த காளிதாஸ் அண்ணன் எதிலோ கைநாட்டு வைத்தார். போலீஸ் லாரியில் ஏறினார். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை.

அன்று பாதி நிரை மரம் சீவியிருக்கும்போது, ஆபீஸிலிருந்து அக்காவைக் கூப்பிட ஆள் வந்தது. யாரையாவது அழைத்தால் அவர்கள் வேலை கெடுமே என்று அவள் தனியாகவே போய்விட்டாள். தெரிந்ததும் ஓடினேன். பின்னால் நிரை நிரையாக ஆட்கள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். நாற்காலியில் அக்கா. பெருவிரலில் மை.

“களைச்சுப் போனீர் பிள்ளை. ஒரு கைநாட்டு, அவ்வளவுதான்,” என்றார் கிராணி நவரட்ணம்.

“லெகாஸ்! சீக்கிரம் வை,” என்றார் துரை.

“அக்கா, படிச்சுக் காட்டச் சொல்லுங்க!” என்று கத்தினேன்.

“படிங்கய்யா,” என்றாள் அவள்.

கிராணி கண்ணாடியைத் துடைத்தார். எங்களைப் பார்த்தார். பிறகு தாளில் இருந்ததைத் தாழ்ந்த குரலில் படித்தார்: “சங்கம் சொல்லி நான் காட்டுக்காரருக்கு அரிசி குடுத்தனான்…”

“எங்க வீட்டுக்கே ரேஷன் பத்தலைங்களே!” என்றாள் அக்கா.

அவள் எழுந்து மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாங்கள் வாசல் மண்ணில் உட்கார்ந்தோம்.

துரை போனை வைத்தார். “போலீஸ் வருது. அஞ்சு பேருக்கு மேல கூட்டம் கூடாது. சட்டம் தெரியும்?”

“கூட்டம் இல்லைங்க துரை. இருபத்தேழு பேரும் தனித்தனியாத்தான் உக்காந்திருக்கோம்,” என்றேன்.

துரை சிரிக்கவில்லை. மங்குகளில் பால் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். வளைவில் லாரிச் சத்தம். மூன்று வருஷமாகச் சங்கமே வேண்டாம் என்றிருந்த பெத்தம்மாள் வாளியை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு உங்க நடைமுறை ஒண்ணும் தெரியாதேடா.”

நான் வாய் திறக்குமுன் ராமாத்தாள் சொன்னாள்: “என் கையைப் பிடிச்சுக்குங்கக்கா. லாரி வந்து நின்னாலும் விடாதீங்க.”

இதை நான் சொல்லித் தந்திருக்கவில்லை. லாரி கேட்டுக்குள் நுழைந்தது. நானும் கையை நீட்டினேன்.